ஊசி போட்ட கால்

என்னுடைய மனுசனின் இடதுகால் துவக்குச் சூடு பட்டுப் போன கால் இல்லை. செல் குண்டு விழுந்து போனதும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டதுதான் மிச்சம். அது ஊசியில் போன கால். அரசாங்கத்தின் ஊசி, அரசாங்கத்தின் மருந்து, அரசாங்கத்தின் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் போட்ட ஊசி. "ஓம், இது எங்களால் வந்தது" என்று ஒரு வசனம் எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

இவர் பத்தொன்பது வயதில் நேவியில் சேர்ந்தவர். அந்த நாளில் அதில் தமிழர், சிங்களவர், பறங்கியர் எல்லாரும் கலந்து இருந்தார்கள். கப்பலின் இயந்திர அறையில் பதினைந்து வருஷம் வெந்துவிட்டு, பென்ஷனோடு வந்து கப்பல்துறையில் இரண்டு அறை வீடு கட்டினார். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தேன். "நேவிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் கண்டி ரோட்டில் நிற்கிற எவரும் கைகாட்டுவார்கள். சண்டை தொடங்கிய பிறகும் அதே வீட்டைத்தான் காட்டினார்கள், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு காட்டினார்கள்.

பென்ஷன் எடுத்த பிறகும் ஆளின் நேவிக் குணம் போகவில்லை. சந்தைக்குப் போகவும் சேட்டுக்கு ஸ்திரிக்கை போட வேண்டும், சப்பாத்து மினுங்க வேண்டும். "கத்தரிக்காய் வாங்கப் போறதுக்கு என்ன பரேட்டே?" என்று கேட்பேன். சிரிப்பார், ஆனால் சப்பாத்தைத் துடைக்கிறதை நிறுத்த மாட்டார். மேலதிகாரி முன்னால் கசங்கிய சேட்டோடு நிற்கிறவன் மனுசனே இல்லை என்பது அவருடைய கட்சி. இந்தக் குணத்தை நான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு எங்களுக்குக் குழி வெட்டினது இதுவும்தான்.

பென்ஷன்காரருக்குத் துறைமுக முகாமுக்குள் ஒரு சின்ன மருந்துச்சாலை இருந்தது. புதன்கிழமைகளில் இலவசமாக மருந்து கொடுப்பார்கள். சண்டைக் காலத்தில் ஏன் அதற்குள் போய் வருகிறீர்கள், டவுனில் வேறு டொக்டர் இல்லையா என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "பதினைஞ்சு வருஷம் உழைச்சனான். அது என்ர உரிமை. பிச்சை இல்லை," என்பார். உரிமை! அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போது எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்தப் புதன்கிழமை அவருக்குச் சரியான காய்ச்சல். சப்பாத்துப் போடவும் ஏலாமல் செருப்போடு போனார். டொக்டர் லீவு. ஒரு மருந்தாளர், நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்கள ஆள், கதைத்துக்கொண்டே பின்பக்கத்தில் ஊசியை ஏற்றினானாம். ஏற்றின கையோடு கரண்ட் அடித்த மாதிரி இடுப்பிலிருந்து பெருவிரல் வரைக்கும் ஒரு இழுப்பு. இவர் கத்திவிட்டார். "சரி, சரி, கொஞ்ச நேரத்தில் போயிடும்," என்று அவன் முதுகில் தட்டி அனுப்பினான். பஸ்ஸில் வரும்போது இடதுகால் செருப்பு கழன்று விழுந்தது இவருக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு வாசல் படலைக்குள் வந்த மனுசனைப் பார்த்து, காய்ச்சலில் தலை கலங்கிவிட்டதாக்கும் என்று நான் பேசினேன். குனிந்து பார்த்தபோதுதான் பாதம் தொங்குவதைக் கண்டேன்.

குதிக்கால் நிற்கும், முன்பாதம் மேலே எழும்பாது. நடக்கும்போது அது நிலத்தில் தப்புத் தப்பென்று அடிபடும். அடுத்த புதன் டொக்டர் பார்த்தார். நரம்பில் ஊசி பட்டிருக்கிறது, ஆறு மாதத்தில் சரிவரும் என்று வாயால் சொன்னார். மருந்து அட்டையில் எழுதினது என்ன? காய்ச்சல், ஊசி போடப்பட்டது, விற்றமின் குளிசை. ஆறு மாதமும் போனது, வருஷமும் போனது. குளிசையைத் தின்றதுதான் மிச்சம்.

சமாதான காலமாக இருந்திருந்தால் நொண்டிக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பார். நொண்டுகிறவன் உலகத்தில் இல்லையா? ஆனால் எங்கள் காலம் வேறு. டவுனுக்குப் போகிற வழியில் செக்பொயிண்டில் பஸ்ஸை மறிப்பார்கள். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடந்துபோய் மற்றப் பக்கம் ஏற வேண்டும். ஆமிக்காரன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நடையைப் பார்ப்பான். நாற்பது வயதுத் தமிழன், இறுகின உடம்பு, ஒரு கால் இழுக்கிறது. சண்டையில் காயப்பட்டவன் என்று முடிவு எடுக்க அவனுக்கு வேறென்ன வேணும்?

"காலுக்கு என்ன?"

"ஊசி போட்டதில வந்தது, சேர்."

"எங்க போட்ட ஊசி? காட்டுக்குள்ளயோ?"

முதல்தரம் பிடித்தபோது நாலு நாள் வைத்திருந்தார்கள். பென்ஷன் அட்டையை நீட்டினாராம். ஆரிடம் பறித்தாய் என்று கேட்டார்களாம். இவர் விளக்கமாகச் சிங்களத்தில் சொன்னார், அது இன்னும் பிழையாகப் போயிற்று. தமிழனுக்கு இவ்வளவு சுத்தமான சிங்களம் ஏன், உளவு பார்க்கப் பழகினதோ என்று அதற்கும் ஒரு அடி. பழைய அதிகாரி ஒருவர் இவருடைய படை இலக்கத்தைக் கேட்டு ஆளை அடையாளம் கண்டபடியால் விட்டார்கள். இந்தப் பக்கத்து இயக்கப் பெடியளுக்கு இவர் நேவிக்காரன். அந்தப் பக்கத்தாருக்கு இவர் புலி. நடுவில் நின்ற எனக்கு மட்டும்தான் இவர் ஒரு நொண்டி மனுசன்.

வந்தவர் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டேன் என்று கதிரையில் குந்திவிட்டார். பென்ஷன் எடுக்க ஆர் போவது? எனக்கு நூல், பட்டன் வாங்க ஆர் போவது? எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது. அலுமாரியில் அவருடைய சேவைக் காலத்து வெள்ளை பெல்ட் ஒன்று, தடித்த நாடாவில் நெய்து பித்தளை வார்ப்பூட்டு வைத்தது, பழைய வேட்டியில் சுற்றியபடி கிடந்தது. அதை எடுத்து மேசையில் விரித்துக் கத்திரிக்கோலை வைத்தேன்.

"உமக்கு விசரே? அது அரசாங்கச் சாமான்," என்று பாய்ந்து வந்தார்.

"உங்கட காலை அரசாங்கம் நாசமாக்கேக்குள்ள வாய் திறக்கேல்லை. நான் பெல்ட்டை வெட்டினால் மட்டும் குற்றமோ?"

வெட்டினேன். ஒரு துண்டை முழங்காலுக்குக் கீழே சுற்றி வார்ப்பூட்டால் பூட்டுகிற மாதிரிப் பட்டியாகத் தைத்தேன். அதிலிருந்து இன்னொரு துண்டு கீழே இறங்கி, சப்பாத்தின் நாக்கில் ஒரு கொளுக்கியில் மாட்டும். இழுத்துப் பூட்டினால் முன்பாதம் மேலே எழும்பி நிற்கும். அதற்கு மேல் நீளக் காற்சட்டை போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் நடக்கவிட்டுப் பார்த்தேன். "தோளை நிமித்துங்கோ, நிலத்தைப் பாக்காதையுங்கோ, இன்னொருக்கா!" ஒரு கிழமையில் ஆள் பழையபடி நடந்தார். முன்னங்காலில் நாடா வெட்டித் தோல் உரிந்து இரத்தம் வரும். பஞ்சு வைத்துக் கட்டிவிடுவேன். இரண்டு வருஷம், செக்பொயிண்டில் ஒருவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கைவேலையைப் பற்றி எனக்கு அப்படியொரு பெருமை, புழுகம். காலையில் வார்ப்பூட்டை நானே பூட்டிவிடுவேன், வேட்டி கட்டுகிற மாதிரி அதுவும் எங்களுக்குப் பழகிப்போயிற்று.

இந்த நேரத்தில்தான் கந்தளாயிலிருந்து அவருடைய கூட்டாளி ஒருநாள் தயிர்ச்சட்டியோடு வந்தார். ஒரே கப்பலில் வேலை செய்த சிங்களவர், பென்ஷனுக்குப் பிறகு சீனி ஆலையில் காவல் வேலை பார்த்தவர். தங்கச்சி என்கிறதற்கு அவர்கள் பாஷையில் என்னை "நங்கி" என்று கூப்பிடுவார். அவருக்கும் படை ஆஸ்பத்திரியில் செய்த காது ஒப்பரேஷனில் ஒரு காது செவிடாகிப் போனது. ஆனால் அவர் அதை விடாமல் எழுதி, மெடிக்கல் போர்டுக்கு முன்னால் போய், நட்டஈடும் எடுத்து, கையில் ஒரு கடிதமும் வைத்திருந்தார்.

"அரசாங்கம் தந்த வைத்தியத்தில் கெடுதல் வந்தால் கேக்கலாம். சட்டம் இருக்கு," என்றார். "பென்ஷனும் கொஞ்சம் கூடும்."

பென்ஷன் கூடுகிற கதை இவருடைய காதில் ஏறவேயில்லை. "உன்ர கடிதத்தில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"இன்ன ஆஸ்பத்திரியில, இன்ன வைத்தியத்தால வந்தது எண்டு. சீல் அடிச்சு."

இவர் தன் முழங்காலுக்குக் கீழே வார்ப்பூட்டைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஒரு வசனம் என்ர சேட்டுப் பையுக்குள்ள இருந்தால் நான் ஒருத்தனுக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உம்மட பட்டியையும் கழட்டி எறியலாம்," என்றார். அவர் அப்படி ஆசையோடு ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை. வெருகல் முருகனுக்கு அன்றைக்கே நேர்த்தி வைத்தேன்.

விண்ணப்பத்தைக் கூட்டாளிதான் சிங்களத்தில் எழுதினார். இவர் சிங்களம் பேசுவாரே தவிர வாசிக்கத் தெரியாது, இவருடைய காலத்தில் படையில் எழுத்தெல்லாம் இங்கிலீஷில். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மருந்துச்சாலைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஊசி போட்ட அந்த மருந்தாளன் தனக்கு ஞாபகமில்லை என்று பதில் எழுதினானாம். ஞாபகமில்லை! இவர் கத்தின கத்தலில் பக்கத்து அறையில் மருந்துக்கு நின்றவர்களே ஓடி வந்தார்களாம், ஊசியைக் கையில் பிடித்தவனுக்கு ஞாபகமில்லை.

போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் கிடைத்தது இரண்டு நாளைக்கு முதல்தான். கூட்டாளியிடம் ஒரு சொல் கேட்கவும் அவகாசமில்லை. இவர் முகம் வழித்தார், சப்பாத்தில் தன் முகம் தெரியும்வரை துடைத்தார். நான் சேட்டுக்குக் கஞ்சி போட்டு, பெட்டியில் கரி போட்டு, மடிப்புக் குலையாமல் ஸ்திரிக்கை பிடித்துக் கொடுத்தேன். காலையில் வழக்கம்போல் முழங்காலில் நின்று பட்டியைப் பூட்டிவிட்டேன். செக்பொயிண்டைத் தாண்டி, துறைமுக வாசலைத் தாண்டி, போர்டு இருந்த கட்டடத்து விறாந்தையில் நான் மர வாங்கில் இருக்க, அவர் உள்ளே போனார்.

உள்ளே மூன்று டொக்டர்மார். கதவு சாத்தினாலும் சத்தம் கேட்டது. "சுவர் வரைக்கும் நடந்து திரும்பி வா," என்று ஒருவர் சிங்களத்தில் சொல்வது எனக்கே விளங்கியது. பிறகு சப்பாத்துச் சத்தம். டக், டக், டக், டக். ஒரு அடி பிசகில்லை. வெளியே இருந்த நான் பெருமைப்பட்டேன். ஐயோ, பெருமைப்பட்டேனே! செருப்பால் அடிக்க வேண்டும் எனக்கு.

கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நல்ல மரியாதை தந்தவை. கதிரை தந்து இருத்தினவை. நடுவில இருந்தவர் கொமாண்டர்." திரும்பும் பஸ்ஸில் எந்த இடம் தாண்டினோம் என்று நினைவில்லை. காற்சட்டையில் முழங்காலுக்குக் கீழே வார்ப்பூட்டு புடைத்துக்கொண்டு நின்றது மட்டும் கண்ணில் பட்டது.

"இஞ்சேருங்கோ, பட்டியைக் கழட்டித்தானே நடந்தனீங்கள்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலைக் காட்டேல்லையோ?"

"அவை கேக்கேல்லை."

"கேக்காட்டி என்ன, காற்சட்டையை உயத்திக் காட்ட வாய் இல்லையோ?"

"எப்பிடிக் காட்டுறது?" என்றார், மெல்லமாக. "சேவை பெல்ட்டை வெட்டிப்போட்டு நிக்கிறன். கொமாண்டருக்கு முன்னால எப்பிடிக் காட்டுறது?"

பஸ்ஸில் சனம் பார்க்கப் பார்க்கத் தலையில் அடித்துக்கொண்டேன். அவரைத் தின்னாத குறையாகப் பேசினேன். ஆனால் பட்டியைப் பூட்டிவிட்டது என் கை. நொண்டலை மறைத்து மறைத்தே வாழ்ந்த நாங்கள், நொண்ட வேண்டிய ஒரேயொரு நாளில் அதை எல்லா நாளையும்விட வடிவாக மறைத்துக்கொண்டு போயிருக்கிறோம். இதை எந்த விசரராவது செய்வார்களா?

முடிவுக் கடிதத்தைக் கூட்டாளி வந்து வாசித்தார். விண்ணப்பதாரர் எந்த உதவியும் இல்லாமல் நன்றாக நடக்கிறார், குறைபாடு ஒன்றும் காணப்படவில்லை. வாசித்துவிட்டு எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"போர்டுக்கு எப்பிடிப் போறது எண்டு என்னைக் கேக்க வேணாமா, நங்கி? நான் மூண்டு நாள் தாடியோட போனது. காதில பஞ்சு. என்ன கேட்டாலும் 'ஆ? ஆ?' எண்டது. சரி, வீட்டுக்குப் போ எண்டாங்க. அதுக்கும் 'ஆ?' எண்டது!"

சிரிப்பு வந்து எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மேன்முறையீடு என்று ஒன்று இருக்கிறது என்று அவரே அதையும் எழுதிக்கொண்டு போனார்.

முதல் போர்டு நடந்து நாலு மாதம் கழித்து இரண்டாவது போர்டுக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தது, எங்களுக்கு விளங்கினது திகதி மட்டும்தான். இந்தமுறை நான் விடவில்லை. முகம் வழிக்க விடவில்லை, சேட்டுக்கு ஸ்திரிக்கை போடவில்லை. சப்பாத்தை ஒளித்துவைத்துவிட்டுச் செருப்பை எடுத்து வைத்தேன். பட்டியைச் சுவரில் ஆணியில் கொளுவினேன்.

"பொயிண்டில மறிப்பாங்கள்," என்றார். "பட்டியைப் போட்டுக்கொண்டு போய் அங்க கழட்டுறனே."

அது புத்தியான கதை. இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "உங்களை நம்பேலாது. கொமாண்டரைக் கண்டவுடன பட்டியையும் மறந்து சலூட் அடிச்சுக்கொண்டு நிப்பியள். கையில போர்டுக் கடிதம் இருக்கு, சீல் அடிச்சது. ஆர் மறிக்கிறது எண்டு பாப்பம்." என் வாய். எங்கே போனாலும் எனக்கு முன்னால் போகிற வாய்.

மறித்தார்கள். அன்றைக்குப் புதுப் படைப்பிரிவு வந்திருந்தது, ஒரு முகமும் பழக்கமில்லை. நான் பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர் காலை இழுத்து இழுத்து நடந்துபோய்க் கடிதத்தை நீட்டினார். ஆமிக்காரன் அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. இன்ன திகதிப் பரிசோதனையில் நன்றாக நடக்கிறார், குறைபாடு இல்லை என்று கண்ட முடிவுக்கு எதிராக மேன்முறையீடு. முதல் போர்டு சொன்னதை அப்படியே திருப்பி எழுதியிருந்தார்கள்.

"நாலு மாதத்துக்கு முன்னம் உன்ர கால் நல்ல கால். டொக்டர்மார் மூண்டு பேர் சொல்லியிருக்கு. இப்ப நொண்டுறாய். இடையில எங்க போய்ச் சூடு வாங்கினாய்?"

இவர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். பெல்ட், கொளுக்கி, மனுசி தைத்தது என்று. கேட்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நான் வரிசையை விட்டு ஓடினேன். "ஊசி, ஊசி! பட்டி வீட்டில இருக்கு, எடுத்துக் காட்டுறன்," என்று தமிழில் குழறினேன். ஒருவன் துவக்கைக் குறுக்கே பிடித்து என்னைத் தள்ளினான். இவரைக் கையைப் பின்னால் கட்டி ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏறும்போது இடதுகால் செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. இவருக்குத் தெரியவில்லை. நான் குனிந்து எடுத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பட்டியை எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனேன். இதைப் பூட்டினால் நடப்பார், கழற்றினால் நொண்டுவார், இதைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும் என்று கையாலும் காலாலும் காட்டினேன். வாசலில் நின்றவன் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படையின் பெல்ட் உனக்கு எப்படிக் கிடைத்தது, ஏன் வெட்டினாய் என்று கேட்டான். பிறகு அதைத் தன் மேசைக்குள் போட்டு மூடினான். அரசாங்கச் சாமான் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று கிழமையில் போர்டிலிருந்து தபால் வந்தது. விண்ணப்பதாரர் குறித்த நாளில் சமுகமளிக்கவில்லை, ஆகையால் கோரிக்கை முடிக்கப்பட்டது. சமுகமளிக்கவில்லையாம். அந்த நாளில் அவர் அதே முகாமில், போர்டு இருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு களஞ்சிய அறையில் இருந்தார். காற்று வருகிற ஓட்டையால் பார்த்தால் நான் முன்பு இருந்த விறாந்தையின் கூரை தெரியுமாம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

ஏழு மாதம். புதன்கிழமைதோறும் நான் வாசலில் போய் நின்றேன். மற்றப் பென்ஷன்காரர் மருந்துக்கு உள்ளே போவார்கள், இவரைப் பற்றிக் கேட்டால் கேட்காத மாதிரிப் போவார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் அவரவர் கால் பெரிது.

அவரை வெளியே விட்டது ஆர் தெரியுமா? அந்த மருந்தாளன்தான். பதவி உயர்ந்து, அடைத்து வைத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுக்க வந்தவன், இவரைக் கண்டு நின்றுவிட்டானாம். கிட்ட வந்து காலைப் பிடித்துப் பார்த்தானாம். போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்த ஊசி நான் போட்டது, அன்றைக்கே இந்தக் கால் போனது, இது சண்டைக் காயமில்லை என்று சொன்னானாம்.

"அழுதவன்," என்றார் இவர், வந்த அன்று.

"அழட்டும். நல்லா அழட்டும். ஏழு மாதம் அடைச்சு வச்சபிறகோ ஞாபகம் வந்தது?"

"வேலை போயிடும் எண்ட பயத்தில எழுதினவனாம். நாலு பிள்ளையள்."

எனக்கு அந்தக் கதை வேண்டாம். இன்றைக்கும் வேண்டாம். அவன் விட்டது பெரிது என்று கும்பிடச் சொன்னால் என்னால் ஏலாது.

இவர் வந்தபோது மடியில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. விடுவிக்கும்போது கொடுத்தது. கந்தளாய்க்குச் சொல்லி அனுப்பினோம், கூட்டாளி அடுத்த பஸ்ஸில் வந்தார். கீழ்ப்பக்கத்தில் டொக்டர் எழுதியிருந்ததை முதலில் வாசித்தார். இடதுகாலின் பலவீனம், படை மருந்துச்சாலையில் போடப்பட்ட ஊசியால் நரம்பு பாதிக்கப்பட்டதனால் ஏற்பட்டது. சண்டைக் காயம் அல்ல.

"இன்னொருக்கா வாசி," என்றார் இவர்.

வாசித்தார்.

"இன்னொருக்கா."

மூன்றாம்தரம் வாசிக்கும்போது இவர் வாய்க்குள் கூடவே சொன்னார். நாங்கள் கேட்ட வசனம். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருடைய முகத்தில் இரத்தம் ஓடினது. சேட்டுப் பையைத் தடவிப் பார்த்தார்.

கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை. துண்டின் மேல்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "மேல என்ன இருக்கு அண்ணை?" என்று நான் கேட்டேன். அவர் அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு சொன்னார். பயங்கரவாதச் சந்தேகத்தின்பேரில் தடுத்துவைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர். பெரிய எழுத்தில், முதல் வரி.

பொயிண்டில் நிற்கிறவன் முதல் வரியைத்தான் வாசிப்பான். அதற்குக் கீழே வாசிக்க அவனுக்கு நேரமுமில்லை, தேவையுமில்லை. இந்தத் துண்டை நீட்டுவதும் கையை நீட்டிக் கட்டு என்பதும் ஒன்றுதான். போர்டுக்குக் கொண்டுபோகலாமே என்றேன். முடித்த கோரிக்கையைத் திறக்க மாட்டார்கள், நங்கி, என்றார்.

இவர் துண்டைக் கூட்டாளியின் கையிலிருந்து வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கத்திரிக்கோலைக் கொண்டு வாரும்."

எனக்கு விளங்கவில்லை.

"மேல் பாதியை வெட்டும். கீழ்ப் பாதி காணும் எனக்கு."

பெல்ட்டை வெட்டினதற்கு அரசாங்கச் சாமான் என்று பாய்ந்த மனுசன். கொமாண்டருக்கு முன்னால் அதைக் காட்ட வெட்கப்பட்ட மனுசன். நான் போய் மெசினுக்கு மேலே கிடந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். துண்டை மேசையில் விரித்து, எங்கே வெட்டலாம் என்று பார்த்தேன். சீலும் கையெழுத்தும் மேல் பாதியில் இருந்தன. கீழ்ப் பாதியில் வசனம் மட்டும்தான் இருந்தது.

"வெட்டும்," என்றார்.

"வெட்டினால் இது வெறும் கடதாசி," என்று கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அவர் உயிரோடு இருந்தார். புதுப் பட்டி தைக்க என்னை விடவில்லை. ஒருநாளும் படலையைத் தாண்டி ரோட்டுக்குப் போகவில்லை.